சக்கர லாக்கா, சக்கிமுக்கி லாக்கா?

பழங்காலத் துப்பாக்கியின் லாக்குக்கு, அதாவது சுடவைக்கும் பொறியமைப்புக்கு, ஒரே வேலைதான்: விசையை இழுத்ததும், குழலுக்குப் பக்கத்திலுள்ள கிண்ணியில் கிடக்கும் ரஞ்சகத்தில் (பற்றவைக்கும் வெடிமருந்தில்) தீப்பொறி விழ வேண்டும். திரி லாக்கை இந்தப் போட்டியில் சேர்க்க வேண்டாம். வெடியுப்பில் ஊறிய கயிறு ஓயாமல் கனன்றுகொண்டே இருக்க வேண்டும். மழை பெய்தால் கதை முடிந்தது.

16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பரவியது சக்கர லாக். சாவி போட்டு முறுக்கினால் ஒரு குட்டிச் சங்கிலி அச்சில் சுற்றிக்கொண்டு பெரிய ஸ்பிரிங்கை இழுத்துப் பிடிக்கும். விசை விடுபட்டதும் சொரசொரப்பான விளிம்புள்ள சக்கரம் சுழன்று பைரைட் கல்லை உரசும். சக்கர விளிம்பே கிண்ணியின் அடித்தளமாக இருப்பதால், பொறி மருந்துக்குள்ளேயே பிறக்கிறது. பற்றுவதும் வேகம், குறியும் குலுங்காது. முறுக்கிய நிலையில் உடைக்குள் மறைத்து எடுத்துப் போகலாம். புனித ரோமானியப் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் இதற்குத் தடை போட்டதில் வியப்பில்லை. ஆனால் எரிந்த கசடு சக்கரத்தை அடைத்துவிடும், சங்கிலிக் கண்ணி அறும், சாவி தொலைந்தால் ஆள் நிராயுதபாணி.

1610-களில் பிரான்சில் உருவான சக்கிமுக்கி லாக்கில் பாகங்கள் குறைவு. லிசியூ ஊரின் மரேன் லெ பூர்ழ்வா செய்தது என்பார்கள். விசையை இழுத்ததும் சுத்தியல்போல் பாயும் பாகத்துக்குக் குதிரை என்று பெயர்; அதன் வாயில் கவ்விய கல் எஃகுத் தகட்டைச் சீவிக்கொண்டு இறங்கும். அந்தத் தகட்டோடு ஒன்றான கிண்ணி மூடியும் அதே அடியில் திறக்கும். எரிவது கல் அல்ல, அது சீவியெடுத்த எஃகுத் துணுக்கு. ஆகவே தகட்டின் பதம்தான் உயிர்நாடி. மென்மையாக இருந்தால் கல் பள்ளம் பறிக்கும். அளவுக்கு மிஞ்சி இறுகினால் கல் வழுக்கும். ஸ்பிரிங்குகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும்: குதிரையின் ஸ்பிரிங் முரட்டுத்தனமாக இருந்தால் கல் நொறுங்கும், தகட்டின் ஸ்பிரிங் விறைத்தால் மூடி தயங்கும். லாக்கைச் சீர்செய்வது என்றால் பெரும்பாலும் இந்த இழுபறியைத் தீர்ப்பதே. பளபளவென்று மெருகேற்றுவது அப்புறம்.

பொறியியல் அழகில் சக்கரத்துக்கே என் ஓட்டு. ஆனால் படைக்கும் பட்டறைக்கும் சக்கிமுக்கிதான். கல் தேய்ந்தால் திருகைத் தளர்த்தி வேறு கல் செருகினால் போதும். சக்கர லாக் பணக்காரர்களின் வேட்டைத் துப்பாக்கியிலும் குதிரைப்படையின் கைத்துப்பாக்கியிலும் ஒதுங்கியது.

திறந்த கிண்ணி இரண்டுக்கும் பொதுவான நோவு: ஈரம் புகும், முதலில் தெரியும் பளிச்சொளியில் பறவை பறந்துவிடும். வேட்டைப் பிரியரான ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத்துக்கு அதுவே எரிச்சல். அடித்தால் வெடிக்கும் வேதி மருந்தை வைத்து அவர் 1807-இல் காப்புரிமை பெற்றார்; கல்லுக்கும் கிண்ணிக்கும் வேலை போனது.