ட்ராக் வண்டிக்கு ரியர்செட்: ஃபிக்ஸடா, பல ஓட்டை அட்ஜஸ்டபிளா, மலிவு காப்பியா?

யமஹா ஆர்3, கேடிஎம் ஆர்சி 390 மாதிரி பைக் வச்சுக்கிட்டு சென்னை பக்கத்துல இருக்குற இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்கு ட்ராக் டே (சொந்த வண்டிய ட்ராக்ல ஓட்டிப் பாக்குற நாள்) போக ஆரம்பிச்ச எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்தக் கேள்வி வந்துடுது, வண்டியோட வந்த ஸ்டாக் ஃபுட்பெக் (கால் வைக்கிற கட்டை) சாயுறப்ப தரைல உரசுது, அதுக்கு பதிலா எந்த ரியர்செட் (பெக், கியர் லிவர், பிரேக் லிவர் எல்லாம் மேலயும் பின்னாடியும் தள்ளி வர்ற செட்) போடலாம்னு. பதில் சொல்றவங்க பாதிப் பேர் எத்தனை பொசிஷன் அட்ஜஸ்ட்மென்ட் இருக்குன்னு பாக்கச் சொல்றாங்க, மீதிப் பேர் எடை எவ்வளவு குறையுதுன்னு பாக்கச் சொல்றாங்க. நான் முதல்ல பாக்கச் சொல்றது வேற. வண்டி ஒரு தடவை சாஞ்சு சறுக்கினா இந்த செட்டுல எது முதல்ல போகும், அந்த ஒரு துண்டு மட்டும் தனியா கிடைக்குமா, நம்ம கைக்கு வர எத்தனை வாரம் ஆகும்? ட்ராக் வண்டின்னா விழும், இன்னைக்கு இல்லன்னா அடுத்த சீசன்ல விழும், அதை மனசுல வச்சுத்தான் இந்த ஒப்பீடு முழுக்க எழுதுறேன்.

பேச்சுக்கு யமஹா ஆர்3யவே எடுத்துக்குறேன். 321 சிசி ட்வின், 169 கிலோ, இதுக்கு ரேஸ் பார்ட்ஸ் உலகம் பூரா கொட்டிக் கிடக்குது, காரணம் 2017ல ஆரம்பிச்ச சூப்பர்ஸ்போர்ட் 300 உலக சாம்பியன்ஷிப்புல இந்த வண்டி முதல் வருஷத்துல இருந்தே ஓடிச்சு. அதனால நம்ம முன்னாடி இருக்குற சாய்ஸ் நிறைய, குழப்பமும் நிறைய.

ரியர்செட் எதுக்குன்னு ரெண்டு வரில சொல்லிட்டு போயிடலாம். பெக் மேலயும் பின்னாடியும் போகும், சாயுற ஆங்கிள் கூடும், ரப்பர் பெக்குக்கு பதிலா முள்ளு முள்ளா வெட்டின அலுமினிய பெக் வர்றதால பூட் நழுவாது, வெளிப்பக்கக் கால்ல அழுத்தம் குடுத்து உடம்பைத் தாங்க முடியும். இதுல பலர் யோசிக்காத ஒரு விஷயம் இருக்கு. ஸ்டாக் பெக் மடங்கும், தரைல தட்டினா மேல தூக்கிக்கிட்டு போயிடும். ஃபிக்ஸட் ரேஸ் பெக் மடங்காது, அது தரைல ஊனிச்சுன்னா பின் டயரையே தரைல இருந்து தூக்கிவிட்டுடும், அப்புறம் வண்டி நம்ம கைல இல்ல. அதனால மடங்காத பெக் போடுறவங்க அது தரையத் தொடவே தொடாத அளவுக்கு உயரத்துல வச்சே ஆகணும், கொஞ்சம் தூக்கினா போதும்னு விடக்கூடாது. எஃப்ஐஎம் (உலக மோட்டார்சைக்கிள் ரேஸ் அமைப்பு) ரூல்ல கூட மடங்காத உலோக பெக்கோட நுனில டெஃப்லான் மாதிரி பிளாஸ்டிக் மூடி நிரந்தரமா இருக்கணும், அதோட ரேடியஸ் குறைஞ்சது 8 மிமீ இருக்கணும்னு இருக்கு, மடங்குற பெக்குன்னா தானா பழைய இடத்துக்கு திரும்பி வரணும்னும் இருக்கு. வாங்குறப்ப அந்த மூடி இருக்கான்னு ஒரு பார்வை பாத்துக்கோங்க, விழுறப்ப ட்ராக் தார்ல கோடு கிழிக்காம இருக்கவும் மத்தவன் காலக் கிழிக்காம இருக்கவும் அதுதான்.

இப்ப முதல் வகை, ஃபிக்ஸட், அதாவது பெக் பொசிஷனை மாத்த முடியாத செட். அமெரிக்கா மாசசூசெட்ஸ்ல இருக்குற உட்கிராஃப்ட் இந்த வகைக்கு நல்ல உதாரணம், ரேஸ் ஓட்டின ஆள் ஆரம்பிச்ச கம்பெனி, அது டிசைன்லயே தெரியும். தடியான பிளேட், அதுல பெக்குக்கு ஒரு இடம், அவ்வளவுதான். பாக்க ஒண்ணும் பெருசா இருக்காது. ஆனா பெக் தனியா, கியர் லிவர் தனியா, நுனில இருக்குற கால்விரல் துண்டு தனியா, போல்ட் கிட் தனியான்னு எல்லாத்தையும் பிரிச்சு விக்குறாங்க, இதுதான் எனக்குப் பெரிய விஷயம். வண்டி விழுந்தா பெரும்பாலும் போறது பெக்கும் லிவர் நுனியும்தான், பேஸ் பிளேட் தப்பிச்சுடும், அப்ப முழு செட்டுக்கு காசு குடுக்க வேண்டியதில்ல. ஜாயின்ட் கம்மி, அதனால லூசாகுற இடமும் கம்மி. குறைன்னா, அவங்க முடிவு பண்ணின பொசிஷன் உங்க காலுக்கு சேரலன்னா வேற வழியில்ல. அஞ்சே முக்கால் அடிக்கு மேல உயரம் இருக்குறவங்களுக்கு பெக் ரொம்ப மேல போச்சுன்னா முட்டி மடங்கி மடங்கி நாலாவது செஷன்ல கால் மரத்துப் போயிடும், அவங்களுக்கு பெக் மேல போறதவிட பின்னாடி போறதுதான் தேவை. முள்ளும் ரொம்பக் கூர்மை, பூட் அடிய சாப்பிட்டுடும், அதுக்கு தயாரா இருக்கணும்.

ரெண்டாவது வகை பல ஓட்டை பிளேட். இத்தாலிக்காரங்க போனமிச்சி, லைட்டெக், அமெரிக்கால வோர்டெக்ஸ், இந்த மாதிரி. ஒரு பேஸ் பிளேட்ல வரிசையா ஓட்டை, பெக் மவுன்ட்டை எந்த ஓட்டையில மாட்டுறோமோ அதான் பொசிஷன். புதுசா ட்ராக்குக்கு வர்றவங்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன், ஏன்னா தனக்கு எது சரின்னு அவங்களுக்கே இன்னும் தெரியாது, முதல்ல ஒரு ஓட்டை, பிடிக்கலன்னா அடுத்த ஓட்டைன்னு மாத்திப் பாத்து கத்துக்கலாம். ஆனா உண்மையச் சொல்லணும்னா பெரும்பாலான ஆளுங்க ஆரம்பத்துல கொஞ்ச நாள் மாத்துவாங்க, அப்புறம் ஒரு இடத்துல செட்டாகி அப்படியே விட்டுடுவாங்க, மிச்ச ஓட்டைங்க எல்லாம் சும்மாதான் இருக்கும். பெக்கை நகத்தினா கியர் லிவரும் பிரேக் லிவரும் கூடவே நகருதான்னு கண்டிப்பா பாருங்க. மவுன்ட் மொத்தமும் ஒரே துண்டா நகர்ற டிசைன் நல்லது. பெக் மட்டும் நகர்ந்து லிவர் அங்கயே நிக்கிற டிசைன்ல ஒவ்வொரு தடவையும் ராடு (லிவரை கியர்பாக்ஸோட இணைக்கிற கம்பி) நீளம், லிவர் உயரம் எல்லாத்தையும் திரும்ப செட் பண்ணணும்.

மூணாவது, லக்ஸம்பர்க்ல இருக்குற கில்ஸ் பண்ணுற மாதிரி எக்ஸென்ட்ரிக் அட்ஜஸ்ட்மென்ட். ஓட்டைக்கு ஓட்டை தாவாம, சுத்திச் சுத்தி நடுவுல எந்த இடத்துலயும் நிறுத்தலாம். வேலைப்பாடு அருமையா இருக்கும், கைல எடுத்தாலே தெரியும். ஒரே வண்டிய வேற வேற ஆள் ஓட்டுற டீம்னா இது அர்த்தமுள்ள செலவு. ஒரே ஆள் ஒரே வண்டி, வருஷத்துல சில ட்ராக் டேன்னா இந்தக் காசுல பாதிய டயர்லயும் பிரேக் பேட்லயும் போட்டா லேப் டைம் அதிகமா இறங்கும், இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

நாலாவதுதான் எல்லாரும் கேக்குறது, ஆன்லைன்ல கிடைக்குற பேரில்லாத காப்பி. படத்துல ஒரிஜினலுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது, விலை பல மடங்கு கம்மி. 6061-டி6 பில்லட்னு (ஒரு அலுமினிய ரகத்தோட முழுக் கட்டில இருந்து வெட்டினதுன்னு) போட்டிருப்பான், உண்மையிலயே அதானான்னு சோதிக்க நமக்கு வழியில்ல. கைல வந்ததும் லிவரை பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, பிவட்ல (லிவர் சுழல்ற அச்சுல) ஆட்டம் இருந்தா அது ஓட ஓட கூடும், கியர் மாத்துறப்ப காலுக்கு ஒரு தெளிவான உணர்வே கிடைக்காது, நடுவுல நியூட்ரல்ல போய் விழும். அப்புறம் உள்மூலைங்களைப் பாருங்க, கட்டர் வெட்டின மூலை வளைவில்லாம கூரா இருந்தா விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். அனோடைசிங் (அலுமினியத்து மேல போடுற கலர் பூச்சு) நம்ம வெயிலுக்கு வெளுத்து கருப்பு ஊதாவாகுறது வெறும் அழகு விஷயம், அதை விடுங்க. பெக் உடைஞ்சா தனியா கிடைக்காதுங்கறதுதான் பெரிய குறை, திரும்ப முழு செட்டு, சில சமயம் அதே லிங்க்ல அந்த செட்டே இருக்காது. கடினமா பிரேக் போடுறப்ப, வெளிக்கால்ல மொத்த உடம்பையும் தாங்குறப்ப, பெக் முறிஞ்சா என்னாகும்னு யோசிச்சுப் பாருங்க. நான் ட்ராக்குக்கு இதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அந்தக் காசுக்கு வேற வழி இருக்கு. கோயம்புத்தூர்லயோ அம்பத்தூர்லயோ சிஎன்சி (கம்ப்யூட்டர் மெஷின்ல வெட்டுற) பட்டறைல ஸ்டாக் பிராக்கெட்டை தூக்கி பின்னாடி தள்ளுற தடியான பிளேட் ஒண்ணு வெட்டி வாங்குறது. மெட்டீரியல் என்னன்னு நம்ம கண்ணு முன்னாடி தெரியும், உடைஞ்சா அதே டிராயிங்ல மறுநாள் இன்னொண்ணு. பெக்கும் லிவரும் ஸ்டாக்கே, ஷோரூம்ல கிடைக்கும். 6061 கேளுங்க. 7075ங்கற இன்னொரு அலுமினிய ரகத்துக்கு பலம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, யீல்டு (நிரந்தரமா வளைய ஆரம்பிக்குற அழுத்தம்) 500 எம்பிஏ பக்கம் வரும், 6061க்கு 275 சுத்துவட்டாரம், ஆனா 6061 முறியறதுக்கு முன்னாடி நல்லா வளைஞ்சு குடுக்கும், வெல்டும் எடுக்கும், 7075 வெல்டுக்கு ஒத்து வராது. பலம் அதிகம்னா நல்லதுதானேன்னு தோணும். பெக் ரொம்ப பலமா இருந்து அதைப் பிடிச்சிருக்குற போல்ட்டும் பலமா இருந்தா, விழுறப்ப அந்த அடி நேரா ஃப்ரேம் மவுன்ட்டுக்குப் போகும், ஃப்ரேம்ல இருக்குற மரை பிஞ்சுக்கிட்டு வரும், அப்புறம் ஹெலிகாயில் (பிஞ்ச மரைக்கு பதிலா வைக்கிற கம்பிச் சுருள்) போடணும், அதுக்கும் மேல போனா ஃப்ரேமே போச்சு. உடையணும்னா விலை கம்மியான துண்டு முதல்ல உடையணும், நல்ல கம்பெனிங்க அப்படித்தான் டிசைன் பண்ணுறாங்க, பட்டறைல செய்யுறப்ப நாமளும் அதைத்தான் கேட்டு வாங்கணும்.

டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 வச்சிருக்குறவங்களுக்கு வேலை இன்னும் சுலபம், 2021ல வந்த பில்ட் டு ஆர்டர்ல ரேஸ் கிட் எடுத்தா உயர்த்தின ஃபுட்ரெஸ்ட்டும் முள்ளு பெக்கும் கம்பெனியே குடுத்துச்சு. உங்க வண்டில அது இருந்தா முதல்ல அதை ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் வெளிய தேடுங்க.

கியர் பேட்டர்ன் பத்தியும் பேசியாகணும். ரிவர்ஸ் ஷிஃப்ட் (லிவரை கீழ அழுத்தினா மேல் கியர், தூக்கினா கீழ் கியர்) வேணுமா? இடதுபக்கம் சாஞ்சபடியே கர்வ்ல இருந்து வெளிய வர்றப்ப அடுத்த கியர் போடணும்னா லிவருக்கு அடியில விரலை நுழைக்க இடமே இருக்காது, மேல இருந்து அழுத்துறது சுலபம், அதுக்குத்தான் ரிவர்ஸ். இதுக்கு ரெண்டு வழி. கியர்பாக்ஸ்ல இருந்து வெளிய வர்ற ஷிஃப்ட் ஷாஃப்ட்ல இருக்குற கையைத் திருப்பி மாட்டலாம், இல்லன்னா லிவர்ல ராடு மாட்டுற இடத்தை பிவட்டுக்கு அந்தப் பக்கம் மாத்தலாம். குயிக்ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காம கியர் மாத்த உதவுற, ராடுல சென்சார் வச்ச கருவி) இருந்தா ரெண்டும் ஒண்ணு இல்ல. ஷாஃப்ட் கையைத் திருப்பினா மேல் கியருக்கு ராடு இழுபடுற வண்டில அது தள்ளப்படும், தள்ளப்படுற வண்டில இழுபடும், சென்சாரும் அதுக்கேத்த மாதிரி இருக்கணும். லிவர் பக்கம் மாத்தினா திசை பழையபடியே இருக்கும். அதனால லிவர்ல ரெண்டு பக்கமும் ராடு மாட்ட இடம் இருக்குற செட்டா பாத்து எடுத்தா பின்னாடி தலைவலி இல்ல.

பிவட்ல பேரிங்கா, வெண்கல புஷ்ஷா? பேரிங் புதுசுல வெண்ணெய் மாதிரி இருக்கும், ஆனா சீல் சரியில்லன்னா நம்ம ஊர் தூசியும் மழைத்தண்ணியும் உள்ள போய் சொரசொரன்னு ஆயிடும். புஷ் எளிமை, கழட்டி தொடைச்சு கிரீஸ் வச்சா முடிஞ்சுது. நான் புஷ் பக்கம்தான்.

மாட்டுறப்ப எதையும் விட்டாலும் பின் பிரேக்கை விட்டுடாதீங்க. லிவருக்கும் மாஸ்டர் சிலிண்டர் (பிரேக் ஆயிலை அழுத்துற பம்ப்) தண்டுக்கும் நடுவுல துளி ஃப்ரீ பிளே (இடைவெளி) இருந்தே ஆகணும். இல்லன்னா ஆயில் திரும்பிப் போற வழி மூடியே இருக்கும், பிரேக் லேசா பிடிச்சுக்கிட்டே ஓடும், சூடாகும், ஆயில் விரியும், இன்னும் இறுக்கிப் பிடிக்கும், கடைசில ஓட்டத்துலயே பின் வீல் லாக். லிவர் உயரத்தை மாத்தின ஒவ்வொரு தடவையும் பின் வீலைத் தூக்கி கையால சுத்திப் பாருங்க.

ரோட்டுலயும் அதே வண்டிதான் ஓட்டுறீங்கன்னா ரெண்டு விஷயம். நிறைய ரேஸ் செட்டுல பிரேக் லைட் சுவிட்சுக்கு இடமே இருக்காது, பாஞ்சோ போல்ட்ல (பிரேக் ஹோஸை மாட்டுற ஓட்டை போல்ட்) வர்ற பிரஷர் சுவிட்ச் போட்டுக்கணும். பின்னாடி உக்காருறவங்க ஃபுட்ரெஸ்ட்டை கழட்ட வேண்டி வந்தா, மத்திய மோட்டார் வாகன விதி 123 அது இருக்கணும்னு சொல்லுது, அதனால கழட்டினதைத் தூக்கிப் போடாம பத்திரமா வச்சு ரோட்டுக்கு வர்றப்ப திரும்ப மாட்டிக்கோங்க.

மொத்தத்துல என் வரிசை இதுதான். தனக்கு எந்த பொசிஷன் சரின்னு தெரிஞ்சவங்களுக்கு ஃபிக்ஸட், தெரியாதவங்களுக்கு பல ஓட்டை, கைல காசு இல்லாதவங்களுக்கு பட்டறை பிளேட், டீமுக்கு எக்ஸென்ட்ரிக். எதை வாங்கினாலும் அதே ஆர்டர்லயே கூடுதலா ரெண்டு பெக், ஒரு கியர் லிவர், ஒரு பிரேக் லிவர் நுனி, ஒரு போல்ட் செட் சேத்து வரவைங்க. கப்பல் செலவும் கஸ்டம்ஸும் ஒரே தடவையோட போகும், சனிக்கிழமை காலைல விழுந்தாலும் மத்தியான செஷனுக்கு வண்டி வெளிய வந்துடும்.