அம்மாவின் குதிகாலும் ஒரு மாத்திரை டப்பாவும்

"பிளாக்கெல்லாம் வெளியில குடுக்கிற வழக்கமில்ல மேடம். அதான் ரிப்போர்ட் குடுத்துட்டோமே?"

கும்பகோணம், கத்திரி வெயில், காலை ஒன்பதே கால். நான் கேட்ட பிளாக், அம்மாவின் குதிகாலில் வெட்டி எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டி. பரிசோதனைக்கூடத்தின் கவுன்ட்டரில் இருந்த பெண் இதைச் சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரிடம் சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கப் போய்விட்டாள். இந்தப் பயணத்தில் நான் எழுத நினைப்பது இந்த இடத்தைப் பற்றித்தான். சித்தப்பா பெண்ணின் கல்யாணத்துக்காகத்தான் போனேன், அது நன்றாகவே நடந்தது.

மருதாணி வைத்த ராத்திரிதான் பார்த்தேன். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மாவின் வலது குதிகாலில் கறுப்பாக ஒரு கறை. ஒரு பக்கம் அடர்த்தி, மறுபக்கம் மை சிந்தினாற்போல் கலைந்திருந்தது. "அது பழைய முள்ளுடி. அப்புறம் கால் ஆணின்னு பிளாஸ்திரி போட்டேன்" என்றாள். எட்டு மாதமாகப் போட்டிருக்கிறாள்.

நான் இருப்பது பிரிஸ்பேனில். தோல் புற்றுநோய்க்குப் பேர்போன ஊர். மூக்கில் ஒரு துண்டு வெட்டி எடுத்த மனிதர்கள் தெருவுக்கு நாலு பேர். இருந்தும் நம் நிறத்துக்கு இது வராது என்று நானும் நினைத்தவள்தான். வரும். நம் நிறத்துக்காரர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தால் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் பெரும்பாலும் வருகிறது. ஜமைக்காப் பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில் வந்தது. 1981இல் 36 வயதில் போய்விட்டார்.

சரி, வேகத்தைச் சொல்லிவிட வேண்டும். பிரிஸ்பேனில் தோல் மருத்துவரைப் பார்க்க நான் மூன்று மாதம் காத்திருந்தவள். இங்கே மறுநாள் சாயங்காலமே டோக்கன் 14. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏழரைக்கு உள்ளே போனோம். அடுத்த நாள் மரத்துப்போக ஊசி போட்டுக் கறையை முழுசாக எடுத்துவிட்டார்கள். அண்ணன் என்னைப் பார்த்து ஒரு பெருமைச் சிரிப்பு சிரித்தான். சிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. இரண்டே வரி. மெலனோமா, ஓரங்களில் நோய் இல்லை. எவ்வளவு ஆழம் என்று மட்டும் இல்லை. எல்லாமே அந்த ஆழத்தில்தான் இருக்கிறது. 1970இல் பிரெஸ்லோ என்ற நோயியல் மருத்துவர் சொன்ன கணக்கு: தோலின் மேலடுக்கிலிருந்து கட்டி எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது என்று அளப்பது. 0.8க்குக் கீழே, மேலே புண்ணாகவும் இல்லை என்றால் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் வெட்டினால் பொதுவாகப் போதும். அதைத் தாண்டினால் தொடை இடுக்கில் நோய் முதலில் போய்ச் சேரக்கூடிய நெறியை, அதாவது நிணநீர்க் கணுவை, மட்டும் எடுத்துப் பார்ப்பதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். பிரிஸ்பேனில் வரும் ரிப்போர்ட்டில் இதெல்லாம் கட்டம் கட்டி இருக்கும், ஒரு கட்டம் காலியாக இருந்தால் மருத்துவரே போன் போட்டுக் கேட்பார்.

இங்கே அறுவை மருத்துவர் ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தார். "எதுக்கும் இருக்கட்டும், இடுக்குல இருக்கிற நெறியை மொத்தமா எடுத்துடலாம்" என்றார்.

"எடுத்தா கால் வீங்குமா?" என்று அம்மா கேட்டாள்.

"சிலருக்கு வீங்கும்."

வெளியே வந்ததும் அம்மா செருப்பை மாட்டவில்லை, அப்படியே நின்றாள். "யானைக்கால் எப்படி இருக்கும்னு கும்மோணத்துக்காரிக்குச் சொல்லணுமா? எங்க அத்தை அந்தக் காலை வச்சுண்டு இருபது வருஷம் இருந்தா." அப்புறம் இன்னொன்றும் கேட்டாள். "அதான் எடுத்தாச்சே. ஓரம் சுத்தமா இருக்குன்னு எழுதியிருக்கானே. இன்னும் எதுக்கு வெட்டணும்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அந்த எண்ணில் இருந்தது. எண் மெழுகுக் கட்டிக்குள் இருந்தது. கட்டி அந்தக் கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்தது.

முதல் நாள், வழக்கமில்லை. மேனேஜர் வரட்டும் என்றார்கள். மேனேஜர் வந்து, ஒரிஜினல் ரசீது வேண்டும் என்றார். இரண்டாம் நாள் ரசீதோடு போனேன். ரசீதில் அம்மாவின் இனிஷியல் 'ஆர்', அது அப்பா பெயர். ஆதாரில் 'வி', அது தாத்தா பெயர். "இது ரெண்டும் ஒரே ஆள்னு நாங்க எப்படி எடுத்துக்கிறது?" கல்யாணமாகி இனிஷியல் மாறாத பெண் இந்த ஜில்லாவில் எத்தனை பேர் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். மருத்துவர் கடிதம், சீலோடு வேண்டுமாம். மருத்துவர் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் உட்காருவார். மறுபடி டோக்கன், இந்த முறை 31. கடிதம் கிடைத்தது. சீல் காம்பவுண்டர் வீட்டுச் சாவிக்கொத்தோடு போய்விட்டிருந்தது.

மூன்றாம் நாள் சீலுடன் போனபோது மேனேஜர் இல்லை. நான் குரலை உயர்த்திவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். "ஆஸ்திரேலியாவிலெல்லாம்" என்று ஆரம்பிக்கும் ஆளாக ஆகக் கூடாது என்று வருஷா வருஷம் விமானத்தில் சபதம் எடுப்பவள், அந்த வார்த்தையோடேயே ஆரம்பித்தேன்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும், காக்கிச் சட்டை, விரலெல்லாம் ஊதாச் சாயம். கடிதத்தைப் படிக்கவே இல்லை. "நம்பர் சொல்லும்மா" என்றார். பின்னால் கூட்டிப்போனார். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். மூன்றாவதை இழுத்து, வரிசையில் விரலை ஓட்டி, ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தீப்பெட்டியைவிடச் சின்ன மஞ்சள் பிளாஸ்டிக் சட்டம், பென்சிலால் எழுதிய எண், வெள்ளை மெழுகு. அதற்குள் பழுப்பாக அரிசி நீளத்துக்கு ஒன்று. அம்மாவின் குதிகால்.

பிரிஸ்பேனில் இது ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்குத் தானாகப் போய்விடும், நோயாளி கண்ணிலேயே படாது. அதுதான் சரியான ஏற்பாடு. ஆனாலும் அந்த இழுப்பறை முன்னால் நான் நின்ற நிமிஷத்தை அந்த ஏற்பாடு எனக்குத் தந்திருக்காது.

சதையைச் சீவி ஒட்டிய கண்ணாடித் தகடுகள் இரண்டையும் மெழுகுக் கட்டியையும் பஞ்சில் சுற்றி, ஒரு பழைய மாத்திரை டப்பாவில் வைத்து ரப்பர் பேண்ட் போட்டுத் தந்தார். "வெயில்ல கார்ல வச்சுட்டுப் போயிடாதீங்க, உருகிடும்." நூறு ரூபாய் நீட்டினேன். "போம்மா" என்று உள்ளே போய்விட்டார். நோட்டில் மட்டும் கையெழுத்து வாங்கினார்கள், திருப்பித் தருவேன் என்று.

அன்று ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனோம். டப்பா என் மடியில். அம்மா கீழ் பெர்த்தில் நிம்மதியாகத் தூங்கினாள்.

சென்னையில் மறுபடி சீவிப் பார்த்தார்கள். 0.6. புண் இல்லை. "நெறியைத் தொட வேண்டாம்" என்றார் அங்கிருந்த பெண் மருத்துவர். ஆனால் சுற்றி ஒரு சென்டிமீட்டர் வெட்டத்தான் வேண்டும்; ஓரம் சுத்தம் என்று எழுதியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியும் கறையைத் தாண்டி இந்த வகை தோலுக்குள் பரவியிருக்கலாம் என்றார். ஒரு காலத்தில் ஐந்து சென்டிமீட்டர் வெட்டினார்களாம். குதிகால் தோல் இழுத்துத் தைக்க வராது. உள்ளங்கால் வளைவிலிருந்து சதையோடு தோலைத் திருப்பி வைத்து, அந்த வளைவில் தொடைத் தோலை ஒட்டுவார்கள். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். அம்மா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"குத்துக்காலிட்டு உட்கார முடியுமா? கோலம் போடணும்."

"மூணு மாசம் போகட்டும். அப்புறம் போடலாம்."

"அப்போ மார்கழிக்குச் சரியா இருக்கும். செஞ்சுடுங்கோ."

நான் படித்து வைத்திருந்த எந்தக் கட்டுரையையும் அவளுக்குச் சொல்ல வேண்டி வரவில்லை. டிக்கெட்டை மூன்று வாரம் தள்ளிப்போட்டேன்.

கட்டியைச் சென்னையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கும்பகோணத்துக் கூடம் ஞாயிறு லீவு, எனக்கு அன்று ராத்திரிதான் விமானம். போன வாரம் போனில் அண்ணனைக் கேட்டேன். ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறதாம். "நாளைக்குக் குடுத்துடறேன்" என்கிறான்.

"அவன் குடுக்க மாட்டான்டி" என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல். "மாவு எடுக்கும்போதெல்லாம் என் காலை நானே நகத்தி வைக்க வேண்டியிருக்கு."