மீறியதா, தாண்டியதா, கடந்ததா?

இரத்தச் சோதனை முடிவுத் தாளை என் அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். சர்க்கரை அளவு "வரம்பை மீறியுள்ளது" என்று அச்சாகியிருந்தது. "வேளை தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறேன். நான் எதையடா மீறினேன்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, தவறு செய்து பிடிபட்டவரின் கூச்சம்தான் இருந்தது. "கூடியிருக்கிறது" என்று இருந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. பிழை திருத்துவது என் தொழில். அன்றிலிருந்து இந்தச் சொல் மேசைக்கு வரும்போதெல்லாம் பேனாவை நிறுத்திவிட்டுத்தான் மேலே போகிறேன்.

மீறு, தாண்டு, கட, மிஞ்சு, விஞ்சு ஆகிய சொற்களில் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகக் காட்டிவிட்டு அகராதி ஒதுங்கிக்கொள்கிறது. பேசும்போது நாம் அப்படி மாற்றிப் போடுவதில்லை. அனுமன் கடலைத் தாண்டினான். மீறினான் என்று சிறு குழந்தைகூடச் சொல்லாது. சட்டத்தை மீறினான் என்கிறோம். தாண்டினான் என்றால் காதில் உறைக்கிறது. தரையில் கிடப்பதைக் காலால் தாண்டுகிறோம். ஒருவர் இட்ட கட்டளையையும் பலர் கூடி வகுத்த விதியையும் மனமறிந்து மீறுகிறோம். "கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான்" என்பதில் கீழ்ப்படிதல் பேசப்பட்டாலும், கோடு தரையில் இருப்பதால் தாண்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மீறு என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. மீ என்றால் மேல், உயர்வு. மீச்சிறு பொது மடங்கு என்று கணக்குப் பாடத்தில் படிக்கிறோமே, அந்த மீதான். வரம்பு என்பதோ முதலில் வயலின் வரப்பு. வரப்புக்கு மேலே எழுந்து வழியும் நீரை மனத்தில் வைத்துப் பார்த்தால் வரம்பு மீறல் கண்முன் நிற்கும். நீருக்குக் குற்றமில்லை, மனிதனுக்கு வரும்போது குற்றம் ஒட்டிக்கொள்கிறது. விதி மீறல், ஒப்பந்த மீறல், மனித உரிமை மீறல் என்று எதை எடுத்தாலும் மீறியவர் ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

இதில் வேற்றுமை உருபு செய்யும் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. "சட்டத்தை மீறினான்" என்று ஐ வந்தால் குற்றச்சாட்டு. "சக்திக்கு மீறிய செலவு", "வயதுக்கு மீறிய பேச்சு" என்று கு வந்தால் அது அளவைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது. கண்டிப்பு இருந்தாலும் பாதிதான். "என்னை மீறி அழுகை வந்துவிட்டது" என்னும்போது ஐ உருபு இருந்தும் குற்றம் காணாமல் போகிறது. இங்கே நானே வரம்பு, மீறியது அழுகை. அடக்க முடியாமல் அழுதவரிடம் தமிழ் இவ்வளவு பரிவாக நடந்துகொள்கிறது. இலக்கியப் பேச்சில் மரபு மீறல் என்பது பாராட்டாகவே மாறிவிட்டது. அதுவும் சரிதான், மரபை அறிந்து, வேண்டுமென்றே உடைத்தவருக்கு அந்தத் துணிவின் பெருமை சேர வேண்டும்.

எல்லை என்ற சொல் மட்டும் தாண்டு, மீறு இரண்டையும் ஏற்கும். அங்கேதான் எழுதுபவரின் பொறுப்பு கூடுகிறது. 1974, 1976 ஆண்டுகளில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் கடல் எல்லையை வகுத்தன. தமிழகப் பத்திரிகைகளில் "எல்லை தாண்டி மீன்பிடித்ததாகக் கூறி மீனவர்கள் கைது" என்ற தலைப்பைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தோம். தாண்டி என்பது படகு எங்கே இருந்தது என்பதை மட்டும் சொல்கிறது; அதையும் "கூறி" என்று கைது செய்தவர் கணக்கில் எழுதிவிடுகிறது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டினால் "அத்துமீறி மீன்பிடியில் ஈடுபட்ட" என்ற தொடரைப் பார்க்கலாம். கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடிப் படகுகள் தங்கள் வலைகளை அறுத்துவிட்டன என்ற இலங்கை வடபகுதி மீனவர்களின் வலி அந்தச் சொல்லில் இருக்கிறது. இழுவைமடி முறையையே இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தது. ஒரே கடல், ஒரே மொழி, இரண்டு வினைச்சொற்கள். எந்தக் கரையில் நின்று எழுதுகிறோம் என்பதை வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது. செய்தி எழுத எனக்குத் தாண்டியே போதும். மனு எழுதும் மீனவர் அத்துமீறி என்று எழுதினால் அதில் கைவைக்க மாட்டேன்.

கட இன்னும் விரிந்த சொல். வாய்க்காலை ஓர் எட்டில் தாண்டிவிடலாம்; ஆற்றை அப்படி முடியாது, அகலம் முழுவதும் இறங்கி நடந்து கடக்க வேண்டும். அந்த முழுமையால்தான் உயர்ந்தவற்றுக்கு அது பொருந்துகிறது. சாதி மத வேறுபாடுகளைக் கடந்து ஒன்றுகூடினார்கள் என்போம். மீறி என்றால் அந்த வேறுபாடுகளை மதிக்க வேண்டிய சட்டமாக நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். அளவு கடந்த அன்பு என்றால் நெகிழ்ச்சி. அளவு மீறிய அன்பு என்றால் கவலை. அளவுக்கு மிஞ்சிய அன்பு என்றால் பெற்றவர் மீது புகார்.

இந்தக் குடும்பத்தின் மூத்த சொல் இற. இன்று சாவுக்கும் இறந்தகாலத்துக்கும் மட்டும் அதை ஒதுக்கிவிட்டோம். "பொறுத்தல் இறப்பினை என்றும்" என்று குறள் சொல்லும்போது இறப்பு என்பது பிறர் எல்லை கடந்து செய்த தீங்கு. "இறந்தார் இறந்தார் அனையர்" என்ற 310ஆம் குறளில் முதல் இறந்தார் சினத்தில் எல்லை கடந்தவர், இரண்டாமவர் செத்தவர். ஒரே சொல்லை அடுத்தடுத்து வைத்து இரண்டையும் சொல்லிவிட முடிந்த காலம் அது. மாணவர்கள் இந்தக் குறளில் தடுமாறும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்கள் கையிலிருந்து ஒரு பொருளைப் பறித்துவிட்டோம்.

மிஞ்சு அளவுக்கான சொல். மீந்த சோறும் மிஞ்சியதுதான். அமிர்தத்துக்குச் சட்டம் எதுவும் கிடையாது, அளவுதான் உண்டு. அதனால்தான் பழமொழி "அளவுக்கு மிஞ்சினால்" என்று தொடங்குகிறது. மிஞ்சிப்போனால் பத்து நிமிடம் என்பதும் அதே கணக்கு. விஞ்சு போட்டிக்கு உரியது. ஆசிரியரை விஞ்சிய மாணவர் என்றால் ஆசிரியருக்கும் மகிழ்ச்சி.

அத்துமீறல் பற்றித்தான் எனக்கு மனக்குறை. அத்து என்பது அரபியின் ஹத், உருது வழியாக வந்து தமிழாகிவிட்ட சொல். எல்லை என்று பொருள். பிறர் நிலத்தில், வீட்டில் நுழைந்தவரைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் மீது நடந்த தாக்குதலையும் "அத்துமீறினார்" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். வேலியைத் தாண்டிப் பூப்பறித்தவருக்கும் அவருக்கும் வேறுபாடே தெரியவில்லை. அவள் உடல் வேலி போட்ட மனை இல்லை. அப்படி ஒரு வரி என் மேசைக்கு வந்தால், என்ன நடந்தது என்று செய்தியாளரிடம் கேட்கிறேன். அடித்தார் என்றால் அடித்தார் என்றும், வன்கொடுமை என்றால் வன்கொடுமை என்றும் திருத்தி அனுப்புகிறேன்.