மெஷ் வைஃபைக்குப் பின்னால் ஓடும் வயர்: மூன்று கோடை தாண்டிய பயன்பாட்டு அனுபவம்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் மாடி வீடுகளில் மூன்று பெட்டி மெஷ் செட் (ஒரே வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் பெட்டிகள்) வாங்கி, கீழ் ஹாலில் ஒன்று, மாடி ஹாலில் ஒன்று, பின்பக்க பெட்ரூமில் ஒன்று என்று வைப்பதுதான் வழக்கம். எல்லா அறையிலும் சிக்னல் முழுசாகக் காட்டும். ஆனால் 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருந்தும் பின்னறையில் அதில் கால்வாசிகூட வராத வீடுகள் நிறைய. இரண்டு பேண்ட் உள்ள சாதாரண மெஷ் பெட்டி, போனோடு பேசும் அதே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில்தான் அடுத்த பெட்டியோடும் பேசுகிறது. ஒரு பெட்டி தாண்டினாலே வேகம் ஏறக்குறைய பாதி ஆகிவிடும். நடுவில் ஒன்பது இன்ச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் வந்தால் இன்னும் குறையும். பழைய கருங்கல் சுவர் வீடென்றால் சொல்லவே வேண்டாம்.

பெட்டிகளுக்கு நடுவே லேன் வயர் இழுத்துவிட்டால் இந்தச் சிக்கல் அடியோடு போகிறது. இந்த ஊர் வெயில், கோடை இடி, மாதாந்திர மின்தடை எல்லாவற்றையும் பார்த்தபிறகு உறுதியாகச் சொல்லலாம்: மெஷ் பெட்டிகள் சத்தமில்லாமல் ஓடுகின்றன, தொல்லை கொடுப்பது மலிவு வயரும், அவசரமாக அடித்த முனையும்தான்.

வயரில் ஆரம்பிக்கலாம். புதுசாக இழுப்பதென்றால் கேட்6 (லேன் வயரின் ஒரு தரம்), முழுத் தாமிரம், ஒற்றைக் கம்பி வகை. ஏற்கெனவே சுவருக்குள் நல்ல கேட்5இ இருந்தால் அதைப் பிடுங்க வேண்டியதில்லை. 100 மீட்டர் வரை ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) தாராளமாகப் போகும். கேட்7, கேட்8 என்று ஆன்லைனில் விற்கும் தட்டையான ரிப்பன் வயர்களைச் சுவருக்குள் விடாதீர்கள். உள்ளே தலைமுடி மாதிரி மெல்லிய பிரிக்கம்பி இருக்கும், லேன் சாக்கெட்டில் சரியாகப் பிடிக்காது. வெளியே இழை சுற்றிய ஷீல்டு வகையும் வீட்டுக்குத் தேவையில்லை. அதற்கு முறையான எர்த் கொடுக்காவிட்டால் பலனும் இல்லை.

கடையில் ஏமாறும் இடம் ஒன்றுதான்: சிசிஏ. அலுமினியக் கம்பிக்கு மேல் தாமிர முலாம். பார்வைக்கு அசலும் இதுவும் ஒன்றுபோலவே இருக்கும். கம்பி நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள்; உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். வயர்ப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே எடை வித்தியாசம் தெரியும். சிசிஏ முதல் மாதம் ஜிகாபிட்டில் நன்றாகவே ஓடும். இரண்டாவது கோடையில்தான் வேலையைக் காட்டும். முனையில் அலுமினியம் ஆக்சைடு பிடித்து, அல்லது வளைத்த இடத்தில் கம்பி ஒடிந்து, உள்ளே இரண்டிரண்டாக முறுக்கிய நாலு ஜோடிக் கம்பியில் ஒரு ஜோடி போய்விடும். சுவருக்குள் போன வயரை அப்போது மாற்றுவது எவ்வளவு வலி என்பது வீட்டைப் பூசிப் பெயின்ட் அடித்தவர்களுக்குத் தெரியும்.

அளவுக் கணக்கு ஒரு மாதிரிக்கு. படிக்கட்டு அடியில் நெட்வொர்க் சுவிட்ச் (லேன் வயர்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி). அங்கிருந்து கீழ் ஹாலுக்கு 8 மீட்டர், கீழ்ப் பின்னறைக்கு 12, மாடி ஹாலுக்கு 14, மாடிப் பின்னறைக்கு 19. மொத்தம் 53. ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு வயர், அதனால் 106. அறைப் பக்கம் அரை மீட்டர், சுவிட்ச் பக்கம் ஒரு மீட்டர் உபரி விட்டால் 8 வயருக்கு 12 மீட்டர். ஆக 118; சேதாரத்தோடு 130 மீட்டர். லேன் சாக்கெட் 8, ஆர்ஜே45 முனை 20 (கையில் பழகும்வரை நாலைந்து வீணாகும்), தொழிற்சாலையில் அடித்த சின்ன பேட்ச் கார்டு தேவைக்கேற்ப, 8 போர்ட் ஜிகாபிட் சுவிட்ச் ஒன்று. போர்ட் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். 5 போர்ட் வாங்கிய வீடுகளில் டிவியும் கேமரா ரெக்கார்டரும் வந்தவுடன் இன்னொன்று வாங்க வேண்டி வருகிறது.

ஒவ்வொரு இடத்துக்கும் ஏன் இரண்டு வயர்? ஒன்று போனால் இன்னொன்று என்பது ஒரு காரணம். பெரிய காரணம், பெட்டிகள் எந்த வரிசையில் இணைய வேண்டும் என்பது. நெட் வரும் ஓஎன்டி (ஃபைபர் வந்து சேரும் மோடம் பெட்டி), அடுத்து முதன்மை மெஷ் பெட்டி, அதற்கு அடுத்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து மற்ற பெட்டிகள். முதன்மைப் பெட்டியே ஒவ்வொரு சாதனத்துக்கும் ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுக்கும் ரவுட்டர் மோடில் இந்த வரிசையை மாற்றவே கூடாது. ஓஎன்டியும் முதன்மைப் பெட்டியும் ஹாலில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் சுவிட்சுக்கு ஒரு வயரே போதும். ஆனால் ஃபைபரைப் படிக்கட்டு அடிக்கே கொண்டுவந்து ஓஎன்டியை அங்கே மாட்டிவிட்டால், நெட் ஹாலுக்குப் போக ஒரு வயர், முதன்மைப் பெட்டியிலிருந்து சுவிட்சுக்குத் திரும்பி வர இன்னொரு வயர் வேண்டும். ஒற்றை வயர் இழுத்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வேறு வழி தெரியாமல் ஓஎன்டியையும் எல்லா அறை வயரையும் ஒரே சுவிட்சில் குத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் துணைப் பெட்டிகள் எல்லாம் முதன்மைப் பெட்டிக்கு வெளிப்பக்கம் போய்விடும். வயரில் வந்த டிவிக்கு ஓஎன்டி ஒரு ஐபி கொடுக்கும், வைஃபையில் வந்த போனுக்கு மெஷ் வேறு ஐபி கொடுக்கும். போனிலிருந்து டிவிக்கு வீடியோ அனுப்பினால் போகாது. டிவிமேல்தான் பழி விழும்.

இரண்டாவது வயருக்கு வழியே இல்லையென்றால் மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். அப்போது ஐபி கொடுக்கும் வேலை ஓஎன்டியுடையது, எல்லாமே ஒரே சுவிட்சில் இருக்கலாம். பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு வைப்பது போன்ற வசதிகள் பல மெஷ்களில் இந்த மோடில் வேலை செய்யாது, அவ்வளவுதான் நஷ்டம். எந்த மோடாக இருந்தாலும் ஓஎன்டியின் சொந்த வைஃபையை அணைத்துவிடுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு மெஷ் சேனலில் இரைச்சல் போடும்.

வயர் போகும் வழிக்குப் புது வீட்டில் கவலையில்லை: கரன்ட் பைப்புக்குத் தனி, லேனுக்குத் தனி. 20 எம்எம் பைப்பில் இரண்டு கேட்6, 25 எம்எம்மில் நான்கு, அதற்குமேல் திணிக்க வேண்டாம். கரன்ட் வயரோடு ஒரே பைப்பில் லேனை விடவே கூடாது. இடையூறு ஒரு பக்கம் இருக்கட்டும், இன்சுலேஷன் உரசிப் போனால் 230 வோல்ட் கையில் பிடிக்கும் சாதனத்துக்கு வந்துவிடும். பழைய வீடுகளில் பலர் மறந்துபோன ஒரு சொத்து உண்டு: மொட்டை மாடியிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் இறங்கும் கேபிள் டிவி பைப். உள்ளே கிடக்கும் பழைய கோஆக்ஸ் வயரின் நுனியில் லேன் வயரையும் ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்துக் கட்டி, டேப்பை வழவழவென்று சுற்றி, ஒருவர் மேலிருந்து ஊட்ட இன்னொருவர் கீழிருந்து இழுக்க வேண்டும். கொஞ்சம் டால்கம் பவுடர் தடவினால் எல்போவில் சிக்காது. இழுக்கும் விசை 11 கிலோ எடையைத் தாண்டக் கூடாது. அதற்குமேல் இழுத்தால் உள்ளே ஜோடிகளின் முறுக்கு நீண்டுவிடும். சிக்கினால் பலம் போடாமல் திருப்பி இழுத்து மறுபடி முயலுங்கள். நைலான் கயிறு பைப்புக்குள்ளேயே கிடக்கட்டும், அடுத்த முறைக்கு ஆகும்.

முனை அடிப்பதுதான் மொத்த வேலையின் உயிர். சுவர்ப் பக்கம் லேன் சாக்கெட், அங்கிருந்து பெட்டிக்கு ரெடிமேட் பேட்ச் கார்டு, இதுதான் நீடிக்கிறது. ஒற்றைக் கம்பி வயரில் நேராக ஆர்ஜே45 அடித்து மேஜைமேல் தொங்கவிட்டால், பெட்டியை நகர்த்தும்போதெல்லாம் மடங்கி ஒருநாள் ஒடியும். மேலுறையை 25 எம்எம் அளவுக்கு மட்டும் உரியுங்கள். கேட்6 நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் சிலுவையை உறை ஓரத்தோடு வெட்டிவிடுங்கள். முறுக்கைப் பிரிப்பது 13 எம்எம்முக்கு மேல் போகக் கூடாது. வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி நீலத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். "ஒவ்வொரு கலரும் ஜோடியாகப் பக்கத்தில் இருந்தால் என்ன, இரண்டு முனையிலும் ஒரே மாதிரிதானே" என்று அடித்தால் சாதாரண டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் சிக்னல் ஜோடிகள் தப்பான முறுக்கில் ஓடி, லைன் விட்டு விட்டு வரும். முனைக்குள் செருகியபின் முன்பக்கம் எட்டுத் தாமிரப் புள்ளியும் தெரிய வேண்டும், வயரின் மேலுறை முனையின் பிடிக்குள் போயிருக்க வேண்டும். அதன்பிறகே கிரிம்ப் (கருவியால் முனையை அழுத்துவது). கேட்6 கம்பி தடிமனானது. கேட்5இ முனைக்குள் திணித்தால் ஒன்றிரண்டு கம்பி பாதியில் நின்றுவிடும். முனையும் கேட்6 என்றே கேட்டு வாங்குங்கள்.

டெஸ்டர் விளக்கை நம்பி வேலையை முடித்துவிடாதீர்கள். ஒவ்வொரு சாக்கெட்டிலும் லேப்டாப்பைச் செருகி, நெட்வொர்க் செட்டிங்கில் லிங்க் வேகம் 1000 காட்டுகிறதா என்று பாருங்கள். 100 காட்டினால் எங்கோ ஒரு கம்பி பிடிக்கவில்லை. ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். அதனால் நீலமோ பிரவுனோ போனால் நெட் நிற்காது, 100-க்கு இறங்கிவிடும். ஸ்பீடு டெஸ்ட் எத்தனை முறை போட்டாலும் 93, 94-லேயே முட்டி நின்றால் இதுதான் வியாதி. நல்ல ஜிகாபிட் லைனில் இரண்டு லேப்டாப்புக்கு இடையே ஐபெர்ஃப் (வேகம் அளக்கும் புரோகிராம்) ஓட்டினால் 940 அருகே வரும். மெஷ் பெட்டியின் போர்ட்டையும் பார்த்துவிடுங்கள்: டிபி-லிங்க் டெகோ இ4 மாடலில் இருப்பதே 100 எம்பிபிஎஸ் போர்ட், எம்4 மாடலில் ஜிகாபிட். முதல் வகைக்கு எவ்வளவு நல்ல வயர் போட்டாலும் 100 தாண்டாது.

மெஷ் அமைப்பில் முதலில் எல்லாப் பெட்டிகளையும் ஒரே அறையில் வைத்து வைஃபையிலேயே ஜோடி சேர்த்து, அப்டேட் போட்டு, பிறகு இடத்துக்குக் கொண்டுபோய் வயர் செருகுவது சிக்கலில்லாத வழி. இரண்டு நிமிடம் பொறுத்து ஆப்பில் அந்தப் பெட்டி ஈதர்நெட் என்று காட்டுகிறதா என்று பாருங்கள். சுவிட்ச் சாதாரண வகையாகவே இருக்கட்டும். சில மேனேஜ்டு சுவிட்சுகள் (செட்டிங் மாற்றக்கூடியவை), மெஷ் பெட்டிகள் ஒன்றையொன்று அடையாளம் காண அனுப்பும் செய்தியைக் கடத்தாமல் விட்டுவிடும். இரண்டு வயர் இருக்கிறதே என்று ஒரே பெட்டியிலிருந்து சுவிட்சுக்கு இரண்டையும் செருகினால் லூப் ஆகிவிடும்: சுவிட்சில் எல்லா விளக்கும் ஒன்றாகப் படபடக்கும், வீடு முழுக்க நெட் நிற்கும்.

நீண்டகாலத்தில் ஏமாற்றும் விஷயம் ஒன்று. வயர் பழுதானால் மெஷ் பெட்டி சத்தமில்லாமல் வைஃபை இணைப்புக்கு மாறிவிடும். நெட் இருக்கும், மெதுவாக இருக்கும், காரணம் தெரியாது. மாதம் ஒருமுறை ஆப்பைத் திறந்து எல்லாப் பெட்டியும் ஈதர்நெட்டில்தானா என்று பார்க்கும் பழக்கம் நல்லது. மின்தடை நாளிலும் இதே கதைதான். ஓஎன்டிக்கும் மெஷ்ஷுக்கும் இன்வெர்ட்டர் லைன் கொடுத்துவிட்டு, படிக்கட்டு அடியில் இருக்கும் சுவிட்சை மறந்துவிடுகிறார்கள். கரன்ட் போனதும் சுவிட்ச் செத்து, எல்லாம் வைஃபைக்குத் தாவும். ஓசூரிலிருந்து பெங்களூரு அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கு மீட்டிங் நடுவில் இது பெரிய தலைவலி. சுவிட்சின் அடாப்டர் 5 வோல்ட்டா, 9 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்று பார்த்து அதே அளவு மினி யூபிஎஸ் போடுங்கள். 5 வோல்ட் சுவிட்சில் 12 வோல்ட் பின்னைச் செருகினால் சுவிட்ச் அத்தோடு போச்சு.

வெளியே ஓடும் வயர் தனிச் சமாச்சாரம். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிற வயரை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரோரம் விட்டால் இங்கத்திய வெயிலில் உறை வெடித்து, அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே இறங்கும். வெளிப்புறத்துக்கென்றே வரும் கறுப்பு உறை வயர் வாங்குங்கள், அதையும் பைப்புக்குள் விடுங்கள். சுவருக்குள் நுழையும் முன் வயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

மாந்தோப்பு வீட்டுக்கோ, தனியாக நிற்கும் களத்து வீட்டுக்கோ தாமிர வயர் இழுக்கவே வேண்டாம். 100 மீட்டர் தாண்டும் என்பதற்காக மட்டுமல்ல. கோடை இடி பக்கத்தில் எங்காவது விழுந்தாலே அந்த நீள வயரில் ஏறும் மின்னழுத்தம் சுவிட்ச், மெஷ், டிவி வரை வந்து போர்ட்டுகளைச் சுட்டுவிடும். அங்கே ஃபைபர்தான். தெருவிலிருந்து வீட்டுக்கு நெட் கொண்டுவரும் அதே எஃப்டிடிஎச் டிராப் வயர் (ஃபைபர்), இரண்டு பக்கமும் முனை போட்டே நீளக் கணக்கில் கிடைக்கிறது. இரு முனையிலும் ஃபைபரை லேன் வயரோடு இணைக்கும் ஜிகாபிட் மீடியா கன்வெர்ட்டர். ஒற்றை இழை என்றால் கன்வெர்ட்டர் ஒரு ஏ, ஒரு பி என்று ஜோடியாக வாங்க வேண்டும்; ஒன்று 1310 நானோமீட்டர் ஒளியில் அனுப்பி 1550-ல் வாங்கும், மற்றது நேர்மாறு. இரண்டும் ஏ-வாக வந்துவிட்டால் லிங்க் விளக்கு எரியவே எரியாது. டிராப் வயரோடு ஒட்டி வரும் இரும்புக் கம்பியை இரண்டு முனையிலும் வீட்டுக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்துங்கள். அது உள்ளே வந்தால் இடியும் அதன் வழியாகவே வரும்.