இ-சேவையில் வாரிசு சான்றிதழ்: தளம் பரவாயில்லை, இனிஷியல்தான் வில்லன்

காரியம் முடிந்த மறுநாளே உறவில் யாராவது ஒருவர் "வாரிசு சர்டிபிகேட்டுக்குப் போட்டாச்சா?" என்று கேட்டுவிடுவார். கருணை அடிப்படை வேலை, பணிக்கொடை, பட்டா மாற்றம் என எங்கே போனாலும் இறந்தவருக்கு நாம் என்ன உறவு என்பதைக் காகிதத்தில் காட்டியாக வேண்டும். தமிழ்நாட்டில் அந்தக் காகிதத்தைத் தாசில்தார் தருகிறார். விண்ணப்பம் இ-சேவை வழியாக, 'ரெவ்-114' என்ற சேவை எண்ணில். மையத்தில் கட்டணம் 60 ரூபாய்.

முதலில், இது உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள். ஓய்வூதியர் இறந்து, மனைவியின் பெயர் பி.பி.ஓ.வில் (ஓய்வூதியக் கொடுப்பாணையில்) ஏற்கெனவே இருந்தால், குடும்ப ஓய்வூதியம் தொடங்க இறப்புச் சான்றிதழ், விண்ணப்பம், அடையாளச் சான்று, வங்கி விவரம் இவ்வளவுதான் அடிப்படை. அதற்காகத் தாலுகா ஆபீஸ் படியேறி அலைய வேண்டாம். நாமினி இல்லாத நிலுவைத் தொகை, பி.பி.ஓ.வில் பெயரே ஏறாத பிள்ளைகள் போன்ற இடங்களில்தான் வாரிசு சான்றிதழ் கட்டாயமாகிறது. வங்கி வைப்புத் தொகைக்கு நாமினி இல்லாவிட்டால், 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி சிவில் நீதிமன்றம் தரும் சான்றிதழை வங்கி கேட்கக்கூடும். அது வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு அலைபவர்கள் ஏராளம்.

தளத்தில் வேலை சிம்பிள். ஆதாரும் மொபைலும் வைத்து கேன் எண் (இ-சேவையில் உங்களுக்கான அடையாள எண்) எடுக்க வேண்டும். பிறகு இறந்தவர் விவரம், வாரிசுகள் பட்டியல், ஆவணங்கள், கட்டணம், ஒப்புகைச் சீட்டு. ஒவ்வொரு ஆவணமும் 200 கே.பி.க்குள் இருக்க வேண்டும் என்பதால், மொபைலில் எடுத்த படத்தை நசுக்கி நசுக்கி ஏற்றுவார்கள். அதில் இறப்புச் சான்றிதழின் பதிவு எண் படிக்க முடியாமல் போய்விடும். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் எழுத்து தெளிவாக இருக்கும், அளவும் அடங்கும். இறப்புச் சான்றிதழைப் பதிவுத் தளத்திலிருந்து பி.டி.எஃப்.ஆக இறக்கி அப்படியே ஏற்றுவது அதைவிட நல்லது.

எந்தத் தாலுகா என்பதில் பலர் சறுக்குகிறார்கள். மதுரை மருத்துவமனையில் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் மதுரையில்தான் கிடைக்கும். ஆனால் அவர் நிரந்தரமாகக் குடியிருந்தது திருமங்கலம் என்றால், வாரிசு சான்றிதழ் தர வேண்டியவர் திருமங்கலம் தாசில்தார். மாற்றிப் போட்டால் வி.ஏ.ஓ. "இந்தக் கிராமத்தில் வசிக்கவில்லை" என்று எழுதிவிடுவார், கதை முடிந்தது.

தளத்தின் உண்மையான பலவீனம் வாரிசுகள் பட்டியல். காலிப் பெட்டிகளைத் தருகிறதே தவிர, யாரைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு வரியும் சொல்வதில்லை. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இறந்த ஆணின் மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். தந்தை இரண்டாம் வகுப்பு. மனைவியும் பிள்ளைகளும் பெயரைப் போட்டுவிட்டு, ஊரில் இருக்கும் இறந்தவரின் தாயை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கல்யாணமாகிப் போன மகளையும் அப்படித்தான் மறப்பார்கள் (அல்லது மறந்ததுபோல இருப்பார்கள்). முன்பே இறந்த மகன் இருந்தால் அவருடைய மனைவி, பிள்ளைகள் பெயரும் வர வேண்டும். அவருடைய இறப்புச் சான்றிதழையும் கையில் வைத்திருங்கள். கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்கு அவரவர் சட்டப்படி பட்டியல் மாறும்.

அடுத்தது இனிஷியல். உதாரணத்துக்கு, செல்விக்குப் பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல், 'க. செல்வி'. ரேஷன் கார்டில் கணவர் இனிஷியல், 'மு. செல்வி'. ஆதாரில் கணவர் பெயரே பின்னால் ஒட்டி, 'செல்வி முருகேசன்'. கணவரின் பணிப்பதிவேட்டில் எழுத்தர் கைப்பட எழுதிய 'செல்வியம்மாள்'. நமக்கு இது ஒரே ஆள். கணக்கு அலுவலகத்துக்கு நாலு பேர். ஆதாரை நீட்டினால் போதும் என்று நம்புவதும் பலிக்காது. ஆதார் அடையாளச் சான்றுதான்; இப்போதெல்லாம் முகவரிக்கு மேலே 'கேர் ஆஃப்' என்றுதான் அச்சாகிறது, கணவரா தகப்பனாரா என்றே தெரியாது.

ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே பணம் தரப்போகும் அலுவலகத்தின் பதிவில் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்து, வாரிசு சான்றிதழிலும் அதே எழுத்தில் வரும்படி கேட்பதுதான் புத்திசாலித்தனம். இறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால் அதைத்தான் முதலில் திருத்த வேண்டும். 1969-ம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-வது பிரிவு அதற்கு வழி தருகிறது. திருமணத்தைக் காட்ட, 2009-ம் ஆண்டு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின் கீழோ இந்துத் திருமணச் சட்டத்தின் கீழோ பதிவு செய்த சான்றிதழ் இருந்தால் அதற்கு மேல் கேள்வி வராது. அது இல்லாத பழைய தம்பதிகளுக்கு ரேஷன் கார்டின் உறவுமுறைக் கட்டமும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் கைகொடுக்கும். அந்த உறவுமுறைக் கட்டம் வேறு இடத்திலும் வேலை செய்கிறது: கலைஞர் மகளிர் உரிமைத் தொகையில், ஆண் பெயரில் கார்டு இருந்தால் அதில் மனைவி என்று பதிவானவர்தான் குடும்பத் தலைவியாகக் கருதப்படுகிறார். அதில் தவறு இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள்.

மையத்தில் ஆபரேட்டர் வேகமாகத் தட்டுவார், குறை சொல்ல முடியாது, பின்னால் வரிசை நிற்கிறது. ஆனால் பெயர்களைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக்கொண்டு போய், சமர்ப்பிக்கும் முன் திரையை ஒருமுறை திருப்பிக் காட்டச் சொல்லி எழுத்தெழுத்தாய்ப் பாருங்கள். கோப்பு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வழியாகத் தாசில்தாரிடம் போகும். இணையத்தில் போட்டதால் யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள், அசல் ஆவணங்களைக் கேட்பார்கள். கூடுதல் ஆவணம் கேட்டால் உடனே கொடுத்துவிடுங்கள். நிராகரித்துவிட்டால் காரணம் ஒற்றை வரியில்தான் இருக்கும், திரும்பப் போட மறுபடி கட்டணம். முடிவில் உடன்பாடு இல்லையென்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

முதல் மனைவி இருக்கும்போதே இரண்டாம் கல்யாணம், வாரிசுகளுக்குள் சண்டை, தத்துப் பத்திரம் இல்லாத வளர்ப்புப் பிள்ளை: இந்த மூன்றிலும் இ-சேவை 60 ரூபாயை வீணடிக்க வேண்டாம். தாசில்தார் பெரும்பாலும் நீதிமன்றத்துக்குத்தான் அனுப்புவார். செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்துத் திருமணச் சட்டம் 16-வது பிரிவு உரிமை தருகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேவையில் மனமாரப் பாராட்ட வேண்டியது கடைசிக் கட்டம். டிஜிட்டல் கையொப்பத்துடன், கியூ.ஆர். குறியீட்டுடன் பி.டி.எஃப். வருகிறது; எந்த அலுவலகமும் தளத்திலேயே சரிபார்க்கலாம், எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரிஜினலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் பழைய தொல்லை குறைந்திருக்கிறது. சான்றிதழ் வந்த பிறகு பட்டியலில் உள்ள ஒருவர் இறந்துபோனால் இதில் பெயர் நீக்கிக் கேட்காதீர்கள்; அவருக்குத் தனியாக இன்னொரு வாரிசு சான்றிதழ் வாங்கி இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.