ஹுடோன் (எ) போலியூ: கியூபெக் மூதாதையரை எதில் தேடுவது?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வம்சாவளி தேடுகிறவர்கள் பாதி வழியில் நிற்பது பெரும்பாலும் ஆவணம் இல்லாததால் அல்ல, பெயர் மாறிவிடுவதால். நியூ பிரான்சில் (கியூபெக் அன்று பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்தபோது) குடும்பப் பெயரோடு 'டி' என்ற சொல்லைச் சேர்த்து இன்னொரு பெயரும் எழுதினார்கள். நம்மூர்ப் பத்திரங்களில் 'முருகன் (எ) முருகேசன்' என்று வருகிற அந்த (எ)தான் அது. 1665இல் வந்த கரிஞ்ஞான்-சாலியேர் என்ற பிரெஞ்சுப் படையின் சிப்பாய்களுக்குப் பட்டாளப் பெயர், மற்றவர்களுக்கு ஊர்ப்பெயர், நிலத்தின் பெயர், பட்டப்பெயர் என்று ஒட்டிக்கொண்டவை பல. பியேர் ஹுடோன் டி போலியூவின் வழிவந்தவர்கள் சிலர் ஹுடோன், சிலர் போலியூ. ஆனால் போலியூ என்பவர் எல்லாரும் ஹுடோன் வழியினர் அல்லர். ஆகவே ஒரு வம்சாவளித் தளத்தை எடைபோட ஒரே கேள்வி போதும்: இந்த (எ)வை அது எப்படிக் கையாள்கிறது?

மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் 1966இல் தொடங்கிய, பழைய கோயில் பதிவுகளைக் குடும்பங்களாக இணைத்துத் தரும் பி.ஆர்.டி.எச். தரவுத்தளம் இதில் முதலிடம். ஒரே பெயரின் பல எழுத்துக்கூட்டல்களை ஒரு தரப் பெயருக்குள் அடக்கி, தம்பதியர் வாரியாகப் பிள்ளைகளை அடுக்கித் தருகிறது. பதிவைத் திறக்கக் கட்டணம் உண்டு. குறை என்னவென்றால், அந்த இணைப்புகள் தொகுத்தவர்களின் தீர்ப்பு. ஒரே பங்கில் (ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரத்தில்) ஒரே பெயரில் இருவர் இருந்தால் தீர்ப்பு தவறலாம், அதை மூலத்தில்தான் பிடிக்க முடியும்.

மூலத்துக்கு இரண்டு வழிகள். 1679 முதல் பாதிரியார்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேட்டை இரண்டு படியாக எழுத வேண்டியிருந்தது. ஒன்று கோயிலில் (தேவாலயத்தில்) தங்கும், மற்றது நீதிமன்றத்துக்குப் போகும். துரூயேன் என்ற வம்சாவளி நிறுவனத்தின் தொகுப்பு 1940களில் மைக்ரோஃபிலிம் எடுத்தது பெரும்பாலும் நீதிமன்றப் படியை. பார்க்கச் சந்தா வேண்டும். ஃபேமிலிசர்ச் தளத்தில் கோயில் படி இலவசம், ஆனால் பக்கம் பக்கமாகப் புரட்டப் பொறுமை வேண்டும். இரண்டாம் படி எழுதும்போது வரி விட்டுப்போவதும் பெயர் மாறுவதும் சகஜம். ஒன்றில் தெளிவில்லை என்றால் மற்றதைத் திறவுங்கள்.

தாங்கே பாதிரியாரின் 7 தொகுதி வம்சாவளி அகராதி (1871–1890) இலவசமாகக் கிடைப்பதால் எல்லாரும் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். அதன் தேதிகளை அப்படியே உங்கள் குடும்ப மரத்தில் ஏற்றாதீர்கள், பிழைகள் நிறைய. ஏழாம் தொகுதியின் முடிவில் உள்ள மாற்றுப்பெயர்ப் பட்டியலுக்காக மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். 1730 வரையிலான குடும்பங்களுக்கு ரெனே ஜெத்தேயின் 1983 அகராதி அதைவிட நம்பகமானது.

எதை எடுத்தாலும் ஏறவேண்டியது திருமணத்திலிருந்து திருமணத்துக்குத்தான். பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவானார்கள். திருமணப் பதிவில் இரு தரப்புப் பெற்றோரும் இருப்பார்கள். துணையை இழந்தவர் மறுமணம் செய்தால் பெரும்பாலும் பெற்றோருக்குப் பதில் முந்தைய கணவர் அல்லது மனைவியின் பெயர் வரும், அப்போது முதல் திருமணத்தைத் தேட வேண்டும். கோயில் பதிவு தொலைந்திருந்தால் கியூபெக் தேசிய ஆவணக் காப்பகத்தில் நோட்டரி எழுதிய திருமண ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஒப்பந்தத் தேதி கல்யாணத் தேதி அல்ல. ரத்தான ஒப்பந்தங்களும் உண்டு. 'நான்காம் நிலை ரத்த உறவுக்கு விலக்கு' (திருச்சபையின் மணத் தடையிலிருந்து தந்த அனுமதி) என்று பதிவில் இருந்தால், மணமக்களுக்கு ஒரே எள்ளுத்தாத்தாவோ எள்ளுப்பாட்டியோ உண்டு என்று பொருள். உங்கள் மரம் சரியா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை.

முதற்பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பல பெண் குழந்தைகளுக்கு முன்னால் 'மரி', ஆண்களுக்கு 'ஜோசெஃப்' சேர்த்தார்கள். ஞானப்பெற்றோரின் பெயரும் அடிக்கடி ஒட்டும். 'ஜோசெஃப் லூயி' என்று ஞானஸ்நானம் பெற்றவர் கல்யாணத்தில் வெறும் லூயி ஆகலாம். இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைக்கும் வழக்கமும் உண்டு. ஞானஸ்நானப் பதிவு கிடைத்ததும் அடுத்த சில ஆண்டுகளின் அடக்கப் பதிவுகளைப் பாருங்கள். இல்லாவிட்டால் கைக்குழந்தையாகவே போனவரை மூதாதையர் ஆக்கிவிடுவீர்கள். கியூபெக் நகரில் இன்னொரு எச்சரிக்கை: 1640 தீவிபத்தில் கோயிலோடு பதிவேடுகளும் எரிந்தன. அதற்கு முந்தையவை பின்னர் நினைவிலிருந்து எழுதப்பட்டவை, தேதிகளை அந்த அளவுக்கே நம்புங்கள்.