பழைய சுவரில் புதிய சாய்ப்பு: சேரும் இடத்தில் எதைப் போட்டால் ஒழுகாது?

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே, சமையலறையைப் பெரிதாக்க ஒரு சாய்ப்பு இறக்கினோம். பழைய வீடு கருங்கல் சுவர், மேலே மங்களூர் ஓடு. புதியது ஹாலோபிளாக் சுவர், மேலே கலர் கோட்டிங் ஷீட். இரண்டும் சேரும் நீளம் 18 அடி. முதல் ஐப்பசி மழையிலேயே அரிசி டிரம் மூடி மேல் டொக் டொக் என்று சத்தம். அந்த 18 அடிக்கு நான்கு வருடத்தில் மூன்று வைத்தியம் பார்த்தாகிவிட்டது. பக்கத்து வீடுகளில் செய்ததையும் ஏணி போட்டு ஏறிப் பார்த்திருக்கிறேன்.

முதலில், அந்த இடம் ஏன் ஒழுகுகிறது? பழைய வீடு எப்போதோ மண்ணில் அமர்ந்து முடிந்தது. புதிய அஸ்திவாரம் இப்போதுதான் அமர்கிறது. ஷீட்டோ தினமும் நீண்டு சுருங்குகிறது. ஊட்டிப் பக்கம் மார்கழி விடியலில் தகரத்தின் மேல் உறைபனி, மதியம் கை வைக்க முடியாத சூடு. 40 டிகிரி மாறினால் 12 அடி இரும்பு ஷீட் ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆக, சுவர் ஒரு பக்கம் போகும், கூரை ஒரு பக்கம் போகும்.

இதைத் தெரியாமல்தான் முதல் வருடம் சிமெண்டை நம்பினோம். மூலை முழுக்கக் கலவையைச் சாய்வாக அணைத்துப் பூசிவிட்டு மேஸ்திரி சொன்னார்: "வாட்டர் ப்ரூஃப் பவுடர் கலந்துதான் அடிச்சிருக்கேன் சார், பத்து வருஷத்துக்கு அசையாது." உண்மைதான், அது அசையவில்லை. சுவரும் ஷீட்டும்தான் அசைந்தன. தகரத்தோடு சேரும் ஓரத்தில் முடி கனத்துக்கு ஒரு விரிசல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. அவ்வளவு மெல்லிய விரிசல் ஆபத்தில்லை என்று தோன்றும். ஆனால் மெல்லிய சந்துதான் தண்ணீரை உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் கான்கிரீட், இரண்டும் ஒரே நேரத்தில் கட்டியது என்றால் சிமெண்ட் சரி. தகரத்துக்கு வேண்டாம்.

அடுத்தது தார் டேப், மேலே அலுமினியத் தாள் ஒட்டியது. வேலை அரை நாள், வெல்டிங் பட்டறைக்கு அலைய வேண்டாம். தகரத்தோடு தகரம் சேரும் இடத்தில் இதைக் குறை சொல்ல மாட்டேன். அப்படி ஒட்டிய ஒரு துண்டு இன்றுவரை அப்படியே இருக்கிறது. ஆனால் கருங்கல்லின் மேடு பள்ளத்தில் அது பிடிக்காது. பூசி மட்டமாக்கினாலும் சுவர் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் ஐப்பசியில் நனையும் சுவர் தை வரை காயாது, மூடுபனி வேறு. நாங்கள் கார்த்திகையில் அவசரப்பட்டு ஒட்டினோம். இரண்டாவது மழைக்காலத்தில் மேல் ஓரம் பப்படம் மாதிரி எழும்பியது. எழும்பியதைக் குரங்குகள் உரித்து முடித்தன. சிலிக்கானும் இந்தக் கதைதான். அதில் வினிகர் வாசம் அடிக்கும் வகையைத் தகரத்துக்குப் போடவே கூடாது, துரு பிடிக்கும்.

வலைத்துணி வைத்துப் பூசும் ரப்பர் பெயிண்ட் மொட்டை மாடிக்காரர்களுக்கு நல்லது. ஒழுங்காகக் காய்வதற்குச் சில வெயில் நாட்களாவது வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்கவும் வேண்டும். ஷீட்டுக்கு நான் அதைத் தேட மாட்டேன்.

மூன்றாவதாக நாங்கள் வந்து நின்றது தகர ஃபிளாஷிங்கில், அதாவது சுவரும் கூரையும் சேரும் இடத்தை மூடும் மடித்த தகட்டில். இதில்தான் பலர் பாதி வேலையோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரே தகட்டை மடித்து, ஒரு விளிம்பைச் சுவரிலும் மறு விளிம்பைக் கூரையிலும் திருகினால் அது சிமெண்டின் தம்பிதான். அசைவு வந்ததும் திருகு ஓட்டை பெரிதாகும். இரண்டு துண்டாக இருக்க வேண்டும். கீழ்த் துண்டு கூரை மேல் 8 அங்குலம் படிந்து, சுவரோரம் 6 அங்குலம் நிமிர்ந்து நிற்கும். அதைக் கூரையில் மட்டும் திருக வேண்டும், சுவரில் அல்ல. மேல் துண்டுக்குச் சுவரில் ஒரு அங்குல ஆழத்துக்குக் காடி (நீளமான பள்ளக் கோடு) எடுத்து, விளிம்பைச் செருகி, ஆப்பு வைத்து இறுக்கி அடைக்க வேண்டும். அது பாவாடை மாதிரி கீழ்த் துண்டின் மேல் தொங்கும். ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும்; தண்ணீர் வெளியே வழியும். ஷீட்டின் நெளிவுகளுக்குக் கீழே ஸ்பாஞ்ச் பட்டை வைக்காவிட்டால் காற்று சாரலை அந்த ஓட்டைகள் வழியாக உள்ளே தள்ளும்.

கருங்கல் சுவரில் காடி எடுப்பதுதான் பெரிய தலைவலி. உளியும் சுத்தியலும் வேண்டாம். பழைய மண் சாந்துச் சுவர் அதிர்ந்தால் கல்லே ஆடும். கிரைண்டரில் அறுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, ஃபிளாஷிங்குக்கு மேலே உள்ள சுவரே தண்ணீர் குடித்தால் அது சுவருக்குள்ளேயே இறங்கி, ஃபிளாஷிங்குக்குக் கீழே கசியும். மேலே உள்ள கல் இடுக்குகளையும் அதே நாளில் அடைத்துவிடுங்கள். கூடலூர், அவலாஞ்சி பக்கம் வீடு என்றால் 6 அங்குலம் போதாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டிய ஊர்ப்பக்கம் அது; 9, 10 அங்குலம் நிமிர்த்துங்கள். அங்கே ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து அடிக்கும். எந்தச் சுவர் என்பதைப் பார்த்து அளவைக் கூட்டலாம்.

இத்தனைக்கும் மேலான வழி ஒன்று உண்டு: பழைய ஓட்டுக் கூரையின் இறவாணத்துக்கு (சுவருக்கு வெளியே நீளும் ஓரத்துக்கு) கீழே புதிய கூரையை நுழைத்துவிடுவது. ஓட்டுத் தண்ணீர் நேராக ஷீட் மேல் விழுந்து ஓடிவிடும், சேரும் இடம் மழையைப் பார்ப்பதே அபூர்வம். இடைஞ்சல் உயரத்தில். 8 அடியில் தொடங்கி, 12 அடி நீளத்துக்கு 10 டிகிரி வாட்டம் விட்டால் கடைசியில் 6 அடிகூட இருக்காது, தலை இடிக்கும். ஆனால் மலைச்சரிவில் தரையை இரண்டு படி இறக்கலாமே. எங்கள் கீழ் வீட்டுக்காரர் அப்படித்தான் செய்தார், ஒரு சொட்டு ஒழுகவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. சமையலறைக்குள் படி வேண்டாம் என்று விட்டுவிட்டோம். படி பிரச்சினையில்லை என்றால் வேறெதையும் யோசிக்காதீர்கள்.

இரண்டு கூரைகளும் எதிரெதிராகச் சரிந்து நடுவில் தண்ணீர் ஓட பீலி வைப்பதை மட்டும் முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். சில்வர் ஓக் இலை நாலு விழுந்தால் அது பீலி இல்லை, தொட்டி.

எதைப் போட்டாலும் ஹோஸ் பைப்பை வைத்துக் கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், ஒவ்வொரு உயரத்திலும் பத்து நிமிடம், உள்ளே ஒருவர் டார்ச்சோடு. மேலிருந்து தொடங்கினால் எங்கே நுழைந்தது என்றே தெரியாது. எங்கள் டிரம் மேல் விழுந்த சொட்டு, மூன்றடி தள்ளி நுழைந்து, ஷீட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் வழியாக நடந்து வந்தது.

இந்த ஐப்பசியில் டிரம் மூடி காய்ந்தே கிடந்தது. வடக்கு முனையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். ஃபிளாஷிங்கின் கடைசி ஓரத்தை மேலே மடக்காமல் விட்டது என் கவனக்குறைவு. தையில் சுவர் காய்ந்ததும் ஏணி எடுக்க வேண்டும்.